ஞாயிற்றுக்கிழமை கேட்காத சத்தம்

டேப்பட் என்றால் என்னவென்று வண்டி ஓட்டுகிறவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. இன்ஜினுக்குள் வால்வைத் தட்டித் திறக்கிற சின்னச் சாமான் அது. அங்கே விட்டிருக்கும் இடைவெளி கொஞ்சம் கூடிப்போனால் டிக் டிக்கென்று ஒரு சத்தம் கிளம்பும். அந்தச் சத்தத்தைத் தெருமுனையிலேயே கண்டுபிடித்து, சிவனே என்று போகிற வண்டிக்காரனை மடக்கி, "டேப்பட் தட்டுது, பாத்துக்கோங்க" என்று கேட்காமலே சொல்லி அனுப்புகிற மனிதருக்கு டேப்பட் என்று பேர் விழாமல் வேறென்ன விழும்? பெற்றவர்கள் வைத்த பேரும் ஒன்று இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே ஒரு நிமிஷம் யோசித்துத்தான் திரும்புவார்.

தொழில், பழைய வண்டி வாங்கி விற்பது. தகரக் கூரை போட்ட நீளமான பட்டறை. இந்தப் பக்கம் ஸ்கூட்டர்கள், அந்தப் பக்கம் பைக்குகள், கோடியில் ஒரே ஒரு கார். அந்தக் கார் வந்த நாளிலிருந்து நகரவில்லை. பக்கத்துக் கடை பெயின்டர் அதன் கூரைமேல் காலி டப்பாக்களை அடுக்கி வைத்துக்கொண்டு, "இந்தக் காரை மட்டும் வித்துடாதீங்கண்ணே, எனக்கு வேற அலமாரி இல்ல" என்பார்.

யாராவது வண்டி விற்க வந்தால் டேப்பட் பெயின்ட்டைப் பார்க்க மாட்டார், டயரைப் பார்க்க மாட்டார். முதலில் இன்ஜின்மேல் உள்ளங்கையை வைப்பார். சூடாக இருந்ததோ, தீர்ந்தது. "வீட்லயே நல்லா ஓடவிட்டுச் சூடு பண்ணிக் கொண்டாந்திருக்கீங்க. காலையில எழுப்புனா எழுந்திருக்காது, அப்படித்தானே? விட்டுட்டுப் போங்க, ஆறட்டும். அப்புறம் பேசுவோம்." வந்தவன் அசடு வழிவான். ஆறிய பிறகு இவரே ஸ்டார்ட் செய்து, நீளமான ஸ்குரூ டிரைவரின் முனையை இன்ஜின்மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். அந்த நேரத்தில் பக்கத்தில் யாராவது தும்மினால்கூட முறைப்பார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பட்டறை வாசலில் சபை கூடும். தபால் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர் ஒருவர் தம்முடைய டூ ஸ்ட்ரோக் பைக்கில் புகையைக் கக்கிக்கொண்டு வந்து சேர்வார். தெருவில் துணி காயப்போட்ட அத்தனை பேரும் அவரைச் சபிப்பார்கள். "சத்தம்னா இது சத்தம். இப்ப வர்ற வண்டியெல்லாம் வண்டியா? மிக்சி ஓடற மாதிரி இருக்கு" என்பார் தபால்காரர். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிற மாஸ்டருக்கு இரண்டு சக்கரம் என்றாலே இளக்காரம். "மழை வந்தா நனையற வண்டியைப் பத்தி என்னய்யா இவ்வளவு பேச்சு?" என்பார். பெயின்டர் ஸ்கூட்டர் கட்சி. மூட்டை வைக்கக் காலடியில் இடம் இல்லாத எதையும் வண்டி என்று ஒப்புக்கொள்ள மாட்டார். மைலேஜில் ஆரம்பித்துப் பிஸ்டனில் ஏறி, ஒருவர் வண்டியை இன்னொருவர் காயலான் கடைக்குப் போடச் சொல்கிற இடத்தில் பேச்சு முடியும். அடுத்த ஞாயிறு மறுபடி முதலிலிருந்து. கடைசித் தீர்ப்பு எப்போதும் டேப்பட்டுடையதுதான். அவர் காதுக்கு அங்கே அவ்வளவு மரியாதை.

அந்த மரியாதைக்கு ஒரே ஒரு வண்டி வேட்டு வைத்தது. அது அவர் வீட்டு வண்டி. அவருடைய ஒரே மகளின் ஸ்கூட்டர்.

மகள் கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். வருகிறவர்களை உட்காரவைத்து எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்லிக் கண்ணைச் சோதிக்கிற வேலை. வயது இருபத்தைந்து தாண்டியும் வீட்டில் பாப்பாதான். அவளுக்காக டேப்பட் நாலு ஸ்கூட்டர்களைக் கழித்துக் கட்டிவிட்டு ஐந்தாவதைத் தேர்ந்தெடுத்து, இன்ஜினைப் பிரித்து மேய்ந்து, புதுசு மாதிரி ஆக்கித்தான் சாவியைக் கொடுத்தார். கொடுத்த கொஞ்ச நாளிலேயே அதில் ஒரு சத்தம். லொடக், லொடக் என்று, பள்ளத்தில் இறங்கினால், வேகத்தடையில் ஏறினால். மாலையில் அவள் பட்டறையைத் தாண்டிப் போகும்போது வாசலில் நிற்பவர்கள் காதில் எல்லாம் விழும்.

"ஊர் வண்டிக்கெல்லாம் நாடி பாக்கறே, உன் வீட்டு வண்டி இப்படி லொட லொடன்னு போகுதே" என்று தபால்காரர் வாரினார். டேப்பட்டுக்கு மானம் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமைதோறும் சபை கூடுவதற்கு முன்பே வண்டியைப் பட்டறைக்குள் நிறுத்திவைத்துப் பார்ப்பார். சைலன்சரைத் தட்டுவார், ஸ்டாண்டை ஆட்டுவார், மட்கார்டை அசைப்பார், தாமே ஓட்டிக்கொண்டுபோய் வேகத்தடையில் ஏற்றி இறக்குவார். ஒரு சத்தமும் வராது. மகள் முக்காலியில் உட்கார்ந்துகொண்டு கேட்ட ஸ்பேனரை எடுத்துக் கொடுப்பாள்.

"ஞாயித்துக்கிழமைன்னா மட்டும் வாயைத் திறக்க மாட்டேங்குதே இந்தக் கழுதை."

"உங்களைக் கண்டா பயம்பா அதுக்கு."

"சாயங்காலம் வந்ததும் அப்படியே பட்டறையில விடு, பாக்கறேன்."

"சாயங்காலம் பசி உயிர் போகும்பா. வர்ற ஞாயிறு பாக்கலாம். பதினாறா, பதினாலா, எந்த ஸ்பேனர் வேணும்?"

இப்படியே ஞாயிறுகள் போயின. டேப்பட் வெளியே சலித்துக்கொண்டாலும் உள்ளுக்குள் அந்தக் காலை நேரத்துக்காகக் காத்திருப்பார். மகளிடம் என்ன பேசுவது என்று அவருக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை. வேலை எப்படி, சாப்பிட்டாயா, மனசு எப்படி இருக்கிறது என்றெல்லாம் கேட்க வராது. இரவு வீட்டுக்கு வந்ததும் படிக்கட்டின் அடியில் நிற்கிற அவள் ஸ்கூட்டரின் இன்ஜின்மேல் கையை வைப்பார். "இன்னும் சூடு ஆறல. விரட்டிக்கிட்டு வந்தியா?" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பார். "இல்லப்பா, மெதுவாத்தான் வந்தேன்" என்று பதில் வரும். அப்பா மகள் கொஞ்சல் அவ்வளவுதான். இரண்டு பேருக்கும் அதுவே போதுமாக இருந்தது.

ஒரு வாரம் காய்ச்சல் என்று படுத்தாள். சாதாரணக் காய்ச்சல் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆஸ்பத்திரிக்கு மாஸ்டரின் காரில் கூட்டிப்போனார்கள். காய்ச்சல் மூளைக்கு ஏறிவிட்டது என்றார் டாக்டர். பாப்பா திரும்பி வரவில்லை. ஸ்கூட்டர் படிக்கட்டின் அடியில் நின்றபடியே நின்றது.

என்ன சொல்லி ஆற்றுவது? யாராலும் முடியவில்லை. டேப்பட்டாவது பட்டறைக்குப் போனார், நட்டும் போல்ட்டுமாகப் பொழுதைத் தள்ளினார். அவர் மனைவிக்குப் போக்கிடம் இல்லை. அந்த வீட்டு வாசலில் கனமான இரும்புக் கேட் ஒன்று உண்டு. உள்ளேயிருந்துதான் கொக்கியை எடுக்க முடியும். மகள் வண்டியை விட்டு இறங்கக் கூடாது என்று சாயங்காலம் அந்தம்மா காதைத் தீட்டிக்கொண்டு அடுப்படியில் நிற்பாள். நாலு வீடு தள்ளி ஒரு வேகத்தடை. அங்கே லொடக், லொடக் என்றதும் அடுப்பைத் தணித்துவிட்டு ஓடிவந்து கேட்டைத் திறப்பாள். ஸ்கூட்டர் நிற்காமல் உள்ளே வரும். வருஷக்கணக்கில் நடந்த காரியம் அது. இப்போது அந்த நேரம் வந்தால் அடுப்படியிலேயே நிற்பாள், தானாகக் கேட் பக்கம் வரவே மாட்டாள். டேப்பட் வந்து கூப்பிட்டால்கூடக் கொக்கியை மட்டும் எடுத்துவிட்டு, கேட்டைத் திறக்காமலே உள்ளே போய்விடுவாள்.

ஒரு நாள் அவளாகவே பேச்சை எடுத்தாள். தட்டில் கை வைத்திருந்தவருக்கு நம்ப முடியவில்லை.

"என்னங்க, அந்த வண்டி ஓடுமா?"

"சும்மா நின்னதுல பெட்ரோல் கெட்டிருக்கும், பேட்டரி போயிருக்கும். பாத்தா ஓடும். ஏன் கேக்கறே?"

"ஒரு தடவை அதைத் தெருமுனையிலேருந்து ஓட்டிக்கிட்டு வாங்க. பாப்பா வண்டி வர்றதை நான் ஒரே ஒரு தடவை கேட்டுக்கணும். அப்புறம் நீங்க என்ன வேணா பண்ணுங்க."

வேறெதுவும் கேட்கவில்லை அவள். ஆனால் இத்தனை மாதத்தில் அவள் வாயைத் திறந்து ஒன்று வேண்டும் என்று கேட்டதே அதுதான். இதைச் செய்து கொடுத்துவிட்டால் அவள் மறுபடி மனுஷியாக நடமாடுவாள் என்று டேப்பட் நினைத்தார். மறுநாளே வண்டியைத் தள்ளிக்கொண்டு பட்டறைக்குப் போனார்.

அங்கேதான் அவர் புத்தி அவரைக் கவிழ்த்தது. பேட்டரியை மாற்றி, கார்பரேட்டரைக் கழுவி, புதுப் பெட்ரோல் ஊற்றி ஓட்டிக்கொண்டு வந்திருந்தால் போதும். பழுதோடு ஒரு வண்டியை வெளியே விட்டுப் பழக்கமில்லாத மனிதர். அதுவும் பாப்பா வண்டி. உயிரோடு இருந்தபோது தீர்த்துவைக்காத அந்த லொடலொடப்பு அவர் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. சைலன்சர் மூடியை மாற்றினார். ஸ்டாண்டு ஸ்பிரிங்கை மாற்றினார். இருக்கிற எல்லா ரப்பரையும் புதுசாகப் போட்டார், எல்லா போல்ட்டையும் முறுக்கினார். சீட்டுக்கு அடியில் இருக்கிற பெட்டியைக்கூடத் துடைத்துச் சுத்தம் செய்து அடியில் ரப்பர் விரிப்பு போட்டார். டேப்பட் இடைவெளியையும் சரி பார்த்தார். வேலை முடிந்து ஸ்டார்ட் செய்தபோது தபால்காரரே வாயடைத்து நின்றார். அப்படி ஒரு ஓட்டம்.

சாயங்காலம் தெருமுனைக்குப் போய்த் திரும்பி மெதுவாக வந்தார். வேகத்தடையில் ஏறி இறங்கினார். வெண்ணெய் மாதிரி இறங்கியது வண்டி. அந்தத் துக்கத்திலும் அவருக்கு ஒரு பெருமிதம். கேட் முன்னால் வந்து நின்றார். கேட் திறக்கவில்லை. இன்ஜினை ஓடவிட்டபடியே காத்திருந்தார். கடைசியில் கூப்பிட்டார்.

அந்தம்மா அடுப்படியிலிருந்து வந்தாள். "இன்னும் கிளம்பலையா நீங்க? எப்ப வருவீங்கன்னு காதை வச்சுக்கிட்டே நிக்கறேன்."

"வந்துட்டேனேம்மா."

அவள் ஸ்கூட்டரைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் நின்று கேட்டாள். "இது அவ வண்டி மாதிரியே இல்லையே" என்றாள். கோபமே இல்லை அவள் குரலில். கொக்கியை மட்டும் எடுத்துவிட்டு உள்ளே போனாள்.

செய்துவிட்ட காரியம் என்னவென்று அப்போதுதான் அந்த மனிதருக்கு உறைத்தது. பழுது பழுது என்று அவர் துரத்தியது அவளுக்கு மகள் வருகிற சத்தம். அதைத் தம் கையாலேயே துடைத்துப் போட்டுவிட்டார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

மறுநாள் பழைய சாமான் போடுகிற தகரப் பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டினார். கழற்றிய ஒவ்வொன்றையும் தேடிப் பொறுக்கி வண்டியில் மறுபடி மாட்டினார். நல்ல போல்ட்டைக் கழற்றித் தேய்ந்த போல்ட்டைப் போடுகிற வேலையைத் தம் வாழ்நாளில் முதல்முறையாகச் செய்தார். பெட்டிக்குள் போட்ட ரப்பர் விரிப்பையும் பிடுங்கி எறிந்தார். சபை மொத்தமும் கூடிவிட்டது. அன்று ஞாயிறுகூட இல்லை.

"ஸ்டாண்டுதான். டங்குன்னு வரும்" என்றார் மாஸ்டர்.

"டங்கா? கிர்ருன்னு ஒரு அதிர்வுய்யா அது. சைலன்சர் மூடி" என்றார் தபால்காரர்.

"ரெண்டும் இல்ல. கடகடன்னு இருக்கும். நம்பர் பிளேட்டு" என்றார் பெயின்டர்.

எத்தனை வருஷம் கேட்டார்கள் அந்தச் சத்தத்தை. ஒரு வண்டி கண்ணுக்கு மறைவாகப் போனாலும் எந்த இன்ஜின் என்று சொல்லிவிடுகிற சூரர்கள். அந்தப் பெண்ணின் ஸ்கூட்டர் எப்படிச் சத்தம் போட்டது என்று ஒருத்தருக்கும் சொல்லத் தெரியவில்லை. கிண்டல் செய்ததுதான் நினைவிருந்தது. ஒவ்வொருவராக ஓட்டிப் பார்த்தார்கள், ஒவ்வொரு போல்ட்டாகத் தளர்த்தினார்கள். என்னென்னவோ சத்தம் வந்தது. எது சரி என்று தீர்ப்புச் சொல்ல டேப்பட்டால் முடியவில்லை.

விஷயம் காதில் விழுந்து அந்தம்மாவே பட்டறைக்கு வந்தாள். பெயின்டர் ஓடிப்போய் முக்காலியைத் துடைத்துப் போட்டார். அதே முக்காலி. அவள் உட்கார்ந்து ஒவ்வொரு சத்தமாகக் கேட்டு, இல்லை இல்லை என்று தலையாட்டினாள். அப்புறம் கூச்சத்தோடு நாக்கை மேலண்ணத்தில் தட்டி அந்தச் சத்தத்தைச் செய்து காட்டினாள். "முன் சக்கரம் ஏறறப்ப ஒண்ணு, பின் சக்கரம் இறங்கறப்ப ஒண்ணு. அப்புறம் ஒண்ணும் இருக்காது. காலையில போறப்ப வராது. சாயங்காலம் மட்டும்தான்."

"சொன்னாங்க பாரு. இன்ஜின் சூட்டுல வர்ற சத்தம்" என்று மாஸ்டர் தொடையில் தட்டினார். சூட்டில் இரும்பு விரியும், எங்கேயோ இடைவெளி மாறும். சத்தியமான பேச்சு. வண்டி ஓட்டுகிறவர்கள் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். டேப்பட் இன்ஜினை ஓடவிட்டுக் கை வைக்க முடியாத அளவுக்குச் சூடேற்றிக்கொண்டு ஒரு சுற்று வந்தார். லொடக் வரவில்லை.

"விடுங்க" என்றாள் மனைவி. "நீங்க நல்லதுன்னு நினைச்சுத்தானே பண்ணீங்க." எழுந்து நடந்தே வீட்டுக்குப் போனாள். இரண்டு அறை விட்டிருந்தால்கூட அவருக்கு அவ்வளவு வலித்திருக்காது.

அதன்பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. ஸ்கூட்டர் பட்டறையிலேயே நின்றது. மழை பிடித்துக்கொண்ட ஒரு வாரம் வியாபாரம் இல்லாமல் கழிந்தது. ஒரு சாயங்காலம் டேப்பட் பட்டறையைச் சாத்தக் கிளம்பினார். மேசைமேல் இருந்த தம்முடைய சாப்பாட்டு டப்பாவை எடுத்துப் பைக்குள் போட்டார். காலி டப்பாவுக்குள் ஸ்பூன் உருண்டது. லொடக்.

டப்பாவை வெளியே எடுத்து ஆட்டினார். லொடக். இன்னொரு தரம் ஆட்டினார்.

அந்தம்மா இரண்டு டப்பா வாங்கியிருந்தாள், ஒரே கடையில், ஒரே மாதிரி, அவருக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று. காலையில் சோறு நிறைந்த டப்பாவில் ஸ்பூன் அசையாது. மாலையில் காலி. ஞாயிற்றுக்கிழமை கடை லீவு, டப்பாவே கிடையாது. வீட்டுக்கு வந்ததும் மகள் முதல் வேலையாகச் சீட்டைத் தூக்கி டப்பாவை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள். இவ்வளவும் கண்ணெதிரே இருந்தது. அவர் வண்டிக்குள் தேடினார், நாலு பேரும் வண்டிக்குள்ளேயே தேடினார்கள். சத்தம் என்றால் இரும்பிலிருந்துதான் வர வேண்டும் என்று நினைத்துப் பழகிய காதுகள்.

அப்புறம் இன்னொன்று தோன்றியது. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. பாப்பாவுக்குத் தெரியாமல் இருந்திருக்குமா? டப்பாவைத் தினமும் தன் கையால் சீட்டுக்கு அடியில் வைத்தவள் அவள்தானே. தெரிந்துகொண்டேதான் ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, பதினாறா பதினாலா என்று கேட்டிருக்கிறாள். சத்தம் எங்கே என்று சொல்லிவிட்டால் அப்பாவுக்கும் மகளுக்கும் அந்தக் காலை இல்லாமல் போகுமே. டேப்பட் கதவைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதார்.

தெளிந்தபின் காலி டப்பாவைப் பாப்பாவின் ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் வைத்தார். ஸ்டார்ட் செய்தார். மழை விட்டிருந்தது. தெருமுனை திரும்பி, அவள் வருகிற வேகத்திலேயே வந்தார். வேகத்தடை. லொடக். லொடக்.

வீட்டுக்குள் ஏதோ பாத்திரம் கீழே விழுந்த சத்தம் கேட்டது. ஓடி வருகிற காலடிச் சத்தம் கேட்டது. அவர் கேட்டை நெருங்குவதற்குள் கொக்கி விலகிக் கேட் விரியத் திறந்தது. வண்டி நிற்காமல் உள்ளே போனது.

கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவளின் முகத்தை டேப்பட் பார்த்தார். மகள் வேலைக்குப் போய்வந்த காலத்தில் சாயங்காலம் இருந்த முகம். பசியோடு வருகிறாளே என்ற அவசரமும் வந்துவிட்டாளே என்ற நிம்மதியுமாக இருந்த முகம். அது ஒரு விநாடி இருந்தது. பிறகுதான், வண்டியை ஓட்டிவந்தது யார் என்று பார்த்தாள்.

அவர் இறங்கிச் சீட்டைத் தூக்கிக் காட்டினார். அவள் டப்பாவைக் கையில் எடுத்தாள். மெல்ல ஆட்டிப் பார்த்தாள்.

"இதுவா?"

"இதுதாம்மா."

டப்பாவை இரண்டு கையாலும் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். "கேட்டுட்டேன்" என்றாள். "போதும். நாளைக்கு உங்க வண்டியிலயே வாங்க."

உள்ளே போனாள். குழாயைத் திறந்து டப்பாவைக் கழுவுகிற சத்தம் வந்தது. டேப்பட் ஸ்கூட்டரைப் படிக்கட்டின் அடியில் தள்ளி நிறுத்தினார். பழக்க தோஷம், கை தானாக இன்ஜின்மேல் போனது. நல்ல சூடு.

"விரட்டிக்கிட்டு வந்தியா?" என்றார்.

குழாய்ச் சத்தம் நின்றது. அந்தம்மா அடுப்படி வாசலுக்கு வந்து அவரைப் பார்த்தாள். அவர் இன்ஜின்மேலிருந்து கையை எடுக்கவில்லை. பிறகு போய்க் கேட்டைச் சாத்தினார்.